இருபத்திரண்டு டிகிரி

புலியூர்க்குறிச்சியில் புலி கிடையாது.
பஸ் போர்டில் உண்டு, ரேஷன் கார்டில் உண்டு.
கோட்டைச் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு சென்டில்
ஒரு காடு வரையச் சொல்லி எனக்கு வந்த உத்தரவில்
'காட்டு விலங்கு, ஒன்று' என்று
தட்டச்சு செய்திருந்தார்கள்.

ஒன்றுதான்.
களியல் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில்
பன்றிக்கு வைத்த சுருக்கில் மாட்டி
இடது முன்காலைக் கம்பியிடமே விட்டுவந்த
சிறுத்தைப்பூனை.
இரண்டே முக்கால் கிலோ.
என் மகளின் புத்தகப்பை அதைவிடக் கனம்.
டாக்டர் நிஷாத் பதிவேட்டில்
பெண், வயது மூன்று இருக்கலாம் என்று எழுதி
பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.
பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும் என்றார்.

நாலு புறமும் கண்ணாடி கேட்டார்கள்.
டிக்கெட் எடுத்தவன் பார்க்காமல் போகக் கூடாது:
குழுவின் தீர்மானம், பக்கம் மூன்று.
நானும் போட்டேன், சம்பளம் வாங்குகிறவள்தானே.
கண்ணாடி, கைப்பிடி, செல்ஃபிக்கு ஒரு மேடை,
நடுவில் சிமென்ட் மரம், அதற்குப் பச்சை பெயின்ட்.

அன்று ராத்திரி
குளியலறைக் கொண்டி விழவில்லை.
வீட்டில் யாரும் இல்லை, வெறும் காற்றுதான்.
இருந்தும் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி
மறுகையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.
விடிந்ததும் மூன்று கண்ணாடிகளை அழித்தேன்.

மிஞ்சியது வடக்கே.
ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும்,
ஐப்பசி தாண்டினால் கிழக்கேயிருந்து.
இரண்டு காற்றும் மனித வாடையை அள்ளிப்போய்
அதன் மூக்கில் கொட்டாத பக்கம் அது.

சாய்வுப் பலகைக்கு முப்பத்தைந்து டிகிரி
என்றது கையேடு.
கையேட்டுப் பூனைக்கு நாலு கால்.
தீனி வைக்கும் விஜிலா
பழைய கூண்டுக்குள் பலகையைச் சாய்த்துச் சாய்த்து
ஒரு வாரம் பார்த்துவிட்டு போன் செய்தாள்.
"இருவத்திரெண்டுல ஏறுது மேடம்.
இருவத்தஞ்சுல ஒருக்கா திரும்பிப் பாக்குது,
பொறவு ஏறல்ல."

சிமென்ட் மரம் ரத்து.
பால் வற்றி வெட்டிப்போட்ட ரப்பர் தடிகள் போதும்,
கத்தி போன தழும்போடு.
அந்த வாசனை அதற்கு வீடா சுருக்கா
என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினோம்.
யாருக்கும் தெரியவில்லை.
பாதி ரப்பர், பாதி அயனி என்று முடிந்தது.

எட்டுப் பொந்து வரைந்திருந்தேன்.
கொத்தனார் றசலையன் தலையைச் சொறிந்தார்.
"இத்தன பொந்து வச்சா
பூனைய பின்ன எப்ப பாக்கது?"
நான் சிமென்ட் மூட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

திறப்புக்கு முந்தின நாள்
எல்லோரும் போன பிறகு
டேப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு
முட்டுக்குத்தி உள்ளே போனேன்.
ஐந்தாம் பொந்தின் வாசலில் ஓர் ஆணி நீட்டியிருந்தது,
நின்று பார்த்த நாலு இன்ஜினியர்களுக்கும்
தெரியாத ஆணி.
அங்கிருந்து கண்ணாடியைப் பார்த்தேன்.
அந்தி வெளிச்சத்தில் அது என்னையே காட்டியது.
பின்னால் யாரும் நின்றிருக்கலாம்.

திறப்பு விழாவுக்கு நாற்பது பேர், ஒரு வாழைமர வளைவு.
இரண்டு மணிநேரம் இலைகூட அசையவில்லை.
ஒரு ஆள் பத்து ரூபாயைத் திரும்பக் கேட்டார்.
என் பையிலிருந்து கொடுத்தேன்.

மறுநாள் விஜிலா சொன்னாள்,
எட்டில் எதிலும் இல்லையாம்.
வடிகால் குழாய்க்கும் பழைய கல்லுக்கும் நடுவே
நான் தப்பாக அளந்துவிட்ட முக்கால் அடியில் இருக்கிறதாம்.
பார்த்தாயா என்றேன்.
"பாக்கல்ல மேடம். கோழித்தலையக் காணல்ல.
மழை பெய்துட்டே கெடக்குது,
அங்க ஒரு கை அகலம் மட்டும் மண்ணு காஞ்சிருக்கு."

நிறைவு அறிக்கையில்
'அளவுப் பிழை, ஒன்று' என்று தட்டச்சு செய்தேன்.
சரிசெய்யும் தேதி என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.